20 உயிர், 7 கார்டு: குறைந்த செலவில் முதல் மேஜிக் டெக்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால், "அதுக்குக் காசு நிறைய ஆகுமே" என்பார்கள். பொய்யில்லை, சில கார்டுகள் யானை விலை. ஆனால் பாப்பர் என்ற ஃபார்மட்டில், அதாவது ஆட்ட வகையில், ஒருமுறையாவது 'காமன்' (எளிதில் கிடைக்கும்) தரத்தில் வெளிவந்த கார்டுகளுக்கு மட்டும்தான் அனுமதி. அதில் போட்டிக்கு ஏற்ற எளிய டெக் (ஆடுவதற்கு நாம் சேர்க்கும் கார்டுக் கட்டு), சிவப்பு நிறக் கார்டுகளால் ஆன பர்ன். நேராக எதிராளியின் உயிரைக் கரைப்பதுதான் இதன் வேலை.

முதலில் கணக்கு. எதிராளிக்கு 20 உயிர். லைட்னிங் போல்ட் என்ற கார்டு ஒரு மனாவுக்கு (கார்டு போடச் செலவாகும் ஆற்றல்) 3 அடி கொடுக்கும், அதாவது 3 உயிரைக் குறைக்கும். அப்படி ஏழு கார்டு போட்டால் 21, ஆட்டம் முடிந்தது. டெக்கில் சேர்க்கும் ஒவ்வொரு கார்டையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். "அழகாக இருக்கிறதே" என்று எதையும் நுழைக்காதீர்கள். நான் நுழைத்தேன், தோற்றேன்.

அடுத்து பட்டியல். மொத்தம் 60 கார்டு, ஒரே பெயரில் அதிகபட்சம் 4. மனா தரும் கார்டுதான் லேண்ட்; மவுண்டன் போன்ற அடிப்படை லேண்டுக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது. மவுண்டன் 18 வையுங்கள். லைட்னிங் போல்ட், செயின் லைட்னிங், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், ஸ்கூவர் த கிரிட்டிக்ஸ், ஃபயர்பிளாஸ்ட், தெர்மோ-ஆல்கெமிஸ்ட், கீட்டு லாவாரன்னர் ஆகியவற்றில் நான்கு நான்கு. ஆக 50. மீதி 10 உங்கள் இஷ்டம். நான் கெல்டன் மராடர்ஸில் தொடங்குவேன்.

ஃபயர்பிளாஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் விலை 6 மனா. ஆனால் அதற்குப் பதிலாக இரண்டு மவுண்டனைப் பலிகொடுத்தும் போடலாம், 4 அடி. புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்: மவுண்டனை முதலில் பக்கவாட்டில் சாய்த்து மனா எடுத்துவிட்டு, அப்புறம் பலிகொடுங்கள். மூன்று மவுண்டன் இருந்தால் ஒரு மனாவுக்கு 3 அடி கொடுக்கும் கார்டு மூன்று போட்டு 9, பிறகு அதே மவுண்டன்களில் இரண்டைக் கொடுத்து 4. ஒரே சுற்றில் 13! ஸ்கூவரும் அப்படித்தான், வரிசை முக்கியம். அந்தச் சுற்றில் எதிராளி ஏற்கெனவே உயிர் இழந்திருந்தால் மூன்று மனாவுக்குப் பதில் ஒன்று போதும். ஆகவே போல்ட் முன்னால், ஸ்கூவர் பின்னால்.

சரி, உடனே வாங்கிவிடாதீர்கள். பழைய சீட்டுக்கட்டின் மேல் துண்டுத்தாளில் பெயரை எழுதி, ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டு, எதிராளியே இல்லாமல் பத்து ஆட்டம் ஆடுங்கள். எத்தனையாவது சுற்றில் 20 தொடுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு, ஐந்து என்றால் நன்று. ஆறைத் தாண்டிக்கொண்டே போனால், அதிக மனா கேட்கும் கார்டுகளைக் குறையுங்கள். முதல் ஏழில் இரண்டோ மூன்றோ லேண்ட் வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே வராத கையை யோசிக்காமல் மாற்றுங்கள்.

சைட்போர்டு, அதாவது எதிராளிக்கு ஏற்ப ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் கூடுதல் கார்டுகள், 15. ஆர்ட்டிஃபாக்ட் (கருவி, பொருள் வகைக் கார்டு) டெக்குகளுக்கு எதிராக ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் 4, நீல நிற டெக்குகளுக்கு எதிராக பைரோபிளாஸ்ட் 4, கல்லறையை (பயன்படுத்தி முடித்த கார்டுகளின் குவியலை) நம்பும் டெக்குகளுக்கு ரெலிக் ஆஃப் ப்ரொஜெனிட்டஸ் 4, சின்ன உயிரிகளைத் துடைக்க எலெக்ட்ரிக்கரி 3.

வாங்கும்போது உள்ளே என்ன கார்டு என்றே தெரியாத பூஸ்டர் பாக்கெட் பக்கமே போகாதீர்கள். அது லாட்டரிச் சீட்டு. தேவையான கார்டை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். கார்டில் உள்ள செட் முத்திரை கறுப்பாக இருந்தால் காமன், வெள்ளி நிறமென்றால் அன்காமன். லைட்னிங் போல்ட் இரண்டு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. வெள்ளி முத்திரை போட்ட பிரதியையும் பாப்பரில் ஆடலாம், எது மலிவோ அதை எடுங்கள். செயின் லைட்னிங் விலை இடித்தால் அதைக் கடைசியாக வாங்கிக்கொள்ளலாம். பணம் கொடுப்பதற்கு முன் தடைப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது அவ்வப்போது மாறும்.