பழைய மாருதி 800-இல் ஹீட்டரையும் ப்ளோயரையும் உயிர்ப்பிப்பது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும்போது வியர்த்துக் கொட்டியது. கோத்தகிரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே நான்கு பேர். ஐந்தே நிமிடத்தில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஹீட்டர் லீவரைச் சிவப்புப் பக்கம் தள்ளினேன். குளிர்ந்த காற்றுதான் வந்தது. மனைவி துண்டால் துடைத்துக்கொண்டே வர, ஒருவழியாக ஊட்டி போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார்கள். எப்போதோ ஒழுகியிருக்கிறது, ஒரு பட்டறையில் சுலபமாக முடித்துவிட்டார்கள். சமவெளியில் இது சர்வசாதாரணம். ஹீட்டர் எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மலையில் அது சொகுசுக்கான பொருள் இல்லை; பாதை தெரிவதே அதை நம்பித்தான்.

என்னுடையது 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் காலத்து மற்றச் சின்னக் கார்களுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

எப்படி வேலை செய்கிறது?

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகிச் சுற்றி வருகிறது அல்லவா? அதில் ஒரு பகுதி இரண்டு ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதுதான் ஹீட்டர் கோர். இடதுபக்கம் கால் வைக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ப்ளோயர் அதன் வழியே காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றை முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிடுவது உள்ளே இருக்கும் மடல்கள். லீவரிலிருந்து மெல்லிய கேபிள்கள் அவற்றை இழுக்கின்றன. அவ்வளவுதான். இதற்காகத் தனியாகப் பெட்ரோல் செலவு கிடையாது. வீணாகப் போகும் சூடுதான் உள்ளே வருகிறது.

முதலில் தொட்டுப் பாருங்கள்

எதையும் கழற்றும் முன் இன்ஜினை 15 நிமிடம் ஓட விடுங்கள். லீவர் முழுச் சூட்டில் இருக்கட்டும். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹீட்டர் ஹோஸ்கள் இரண்டையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கையை ஃபேன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டும் நன்றாகச் சுட்டால் கூலன்ட் சரியாகச் சுற்றுகிறது; கோளாறு மடலிலோ ப்ளோயரிலோதான். ஒன்று சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது கோருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள்; இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'வண்டி சூடாகாமல் இருக்கும்' என்று தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்துவிடுகிறார்கள். அது இல்லையென்றால் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். மைலேஜும் அடிபடும், ஹீட்டரும் சுடாது. விலை குறைந்த சாமான்தான். உங்கள் வண்டியில் இல்லையென்றால் முதல் வேலையாக வாங்கிப் போடுங்கள்.

ப்ளோயர்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பொருள் வைக்கும் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் ப்ளோயர் தெரியும். ஒயர் கனெக்டரைப் பிரித்து, ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மோட்டார் விசிறியோடு கீழே இறங்கி வரும். ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

என் ப்ளோயருக்குள் இருந்தவை: ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகு, எலி கடித்துச் சேர்த்த பஞ்சு, விசிறி இதழ்களுக்கு இடையில் களிமண் மாதிரி இறுகிய தூசி. பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாகத் தேய்த்தேன். ஓடும்போது வந்துகொண்டிருந்த தடதட சத்தம் அதோடு போயிற்று. ஒரு பக்கம் மட்டும் தூசி தங்கியிருந்தாலே விசிறி சமன் தவறி ஆடும். மோட்டார் போய்விட்டது என்று அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மோட்டாரின் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ்ஷில் ஒரே ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும்.

கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற வேகங்களில் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது, கரண்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான் எரிந்திருக்கிறது. முழு வேகத்தில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போவதில்லை. ரெசிஸ்டரை நேர்க்கம்பியால் இணைத்துச் 'சரிசெய்ய' யாராவது முன்வந்தால் விடாதீர்கள், ஒயர் உருகக்கூடும்.

ஹீட்டர் கோரைக் கழுவுவது

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் இந்த வேலை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும். வடிக்கும் கூலன்ட்டை ஒரு கேனில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெருநாயோ பூனையோ நக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

இரண்டு ஹோஸ்களையும் கோரிலிருந்து கழற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்க வேண்டாம், குழாய் விரிசல் விடும். பழைய ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், எப்படியும் புதிதுதான் போடப் போகிறீர்கள். கூலன்ட் வெளியே வரும் குழாயில் தோட்டத்து ஹோஸை வைத்து, எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். குழாயை முழுவேகத்தில் திறக்கக் கூடாது. கோரின் தகடு மெல்லியது.

எனக்கு முதல் பக்கெட்டில் டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வந்தது. இரண்டாவதில் துருச் செதில்கள். நான்காவதில்தான் தெளிந்தது. வருடக்கணக்கில் கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றியதன் பலன் இது. உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடுகிறது. அப்படியும் அடைப்பு நீங்கவில்லை என்றால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்து மறுபடி அலசுங்கள். அதைவிடக் காரமான அமிலம் வேண்டாம்.

காருக்குள் இனிப்பான வாடை, கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு, தரைவிரிப்பில் ஈரம். இவை இருந்தால் கோர் ஓட்டை. கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதற்கு டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். முதல்முறை செய்பவர்கள் தெரிந்த மெக்கானிக்கை வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டையடைக்கும் பவுடர் போடவே கூடாது. அது நல்ல குழாய்களையும் அடைக்கும். ஏசி குழாய்களை நீங்களாகக் கழற்றாதீர்கள்.

மடல்கள், கேபிள்கள்

காற்றுத் துவாரத்திலிருந்து கறுப்புத் துகள் பறக்கிறதா? மடலின் ஓரத்தில் ஒட்டிய ஸ்பாஞ்ச் நைந்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு, கை எட்டும் இடங்களில் புது ஃபோம் டேப் ஒட்டுங்கள். கேபிளைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, மடல் கடைசிவரை மூடும் நிலையில் மறுபடி கிளிப் போடுங்கள். லீவர் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், பிளாஸ்டிக் முறியும். கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

ஹோஸ்கள் உள்ளே நுழையும் துளையில் உள்ள ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் இன்ஜின் பக்கத்துப் புகை காருக்குள் வரும். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது அது உயிருக்கே ஆபத்து.

காற்றை வெளியேற்றுவது

புது ஹோஸ், புது கிளாம்ப் போட்டாயிற்றா? பேட்டரியை மாட்டி, வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். லீவர் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓட விடுங்கள். திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். தொடும் சூடு இருக்கும்போதே ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிட்டால் குமிழ்கள் மேலே வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழ் நின்றதும் கொதிநிலைக்குப் போகும் முன்பே மூடியைப் போடுங்கள். உள்ளே காற்று தங்கினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ஹீட்டரும் விட்டுவிட்டுத்தான் சுடும்.

மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது, கூலன்ட் மட்டத்தை மறுபடி பாருங்கள். கிளாம்ப்களுக்கு அடியில் ஒரு தாளை வைத்து ஈரம் தட்டுகிறதா என்று சோதியுங்கள். அப்புறம் மழைநாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஏசி இருந்தால் ஹீட்டரோடு சேர்த்தே போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். முதலில் வைப்பர் பக்கத்து ஓரம் தெளியும், பிறகு மேலே ஏறும்.