சிலிங் ஆறும் பிரேசர் மலைச் சாலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளமுடையது. சிலாங்கூர் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி, அணையைத் தாண்டி, காட்டுக்குள் வளைந்து வளைந்து அது செல்கிறது. வார இறுதி வந்தால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்; எங்கள் தலைமுறை இளவயதில் செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். வழுக்காத செருப்பு, கொசு மருந்து, குப்பைப் பை பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆறு பெருகும்போது காருக்குத் திரும்ப நினைப்பது

இந்தச் சாலையோரத்திலிருந்து சிலிங் ஆற்றை ஒட்டி அருவிக்குப் போகும் நடைபாதை ஒரே கரையில் போவதில்லை. இக்கரையும் அக்கரையுமாகப் பல இடங்களில் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். காலையில் முழங்கால் நனையும் அளவே நீர் இருப்பதால், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எளிதாகப் போய்விடுகிறார்கள். திரும்பும்போதும் அதே ஆற்றை அத்தனை முறை கடக்க வேண்டுமே என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தித்திவங்சா மலைத்தொடரில் காலை வெயிலுக்கு மேலெழும் ஈரக் காற்று பிற்பகலில் இடிமழையாகக் கொட்டுவது வழக்கம். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது அதிகம். செங்குத்தான சரிவில் விழும் மழை மண்ணில் ஊறுவதற்குள் ஓடைகளில் சேர்ந்து, குறுகிய பள்ளத்தாக்கில் ஒன்றாகத் திரண்டு இறங்குகிறது. இந்தத் திடீர் வெள்ளத்தைத்தான் மலாயில் கெப்பாலா ஆயர் என்கிறோம். அது வரும்போது நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட இல்லாமல் இருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின், ஆற்று நடுவில் இருந்த கூழாங்கல் திட்டில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் பிரியாணிச் சட்டியைத் திறந்திருந்தது. அடிக்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பால் தேநீரின் நிறத்துக்கு மாறியது. கிளையோடு முறிந்த பச்சை இலைகள் மிதந்து வந்தன. "தம்பி, பிள்ளைகளைக் கரையேற்றுங்கள்" என்றேன். "நல்லா வெயில் அடிக்குதே அண்ணே" என்றார். இரைச்சல் கூடிய பிறகே எழுந்தார்கள். நாங்கள் நின்ற கரைக்கு அனைவரும் வந்து சேர்ந்ததும், அவர் இளைய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் கால் வைத்தார். "கார் அந்தப் பக்கம்தானே இருக்கு" என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் அவரை நிறுத்த வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் திட்டும் பாயும் சட்டியும் கண்ணில் படவில்லை. மாலையில் நீர் வடிந்த பின்னர் எல்லாரும் நடந்தே திரும்பினோம்.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கெப்பாலா ஆயர் என்ற சொல்லை அறியாதவர் இந்நாட்டில் இல்லை. ஆனாலும், ஒரு காருக்காகவும் மறுநாள் வேலைக்காகவும் கைப்பிள்ளையோடு வெள்ளத்தில் இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். எந்தக் கரையில் இருக்கிறீர்களோ அந்தக் கரையிலேயே மேடேறிக் காத்திருங்கள். மலையில் மழை விட்டால் ஆறு பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். வேகம் இருந்தால் முழங்காலளவு நீரே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். கலங்கிய நீருக்கடியில் உருண்டு வரும் கட்டைகள் கண்ணுக்குத் தெரியா. நிறம் மாறுவது, இலை மிதப்பது, இரைச்சல் கூடுவது ஆகியவற்றில் ஒன்று போதும். மற்றவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. இவை எதற்கும் இடம் வைக்காமல் நண்பகலுக்கு முன்பே திரும்பிவிடுவது இன்னும் நல்லது. 1883இல் அன்றிருந்த அணை உடைந்து பழைய கோல குபு வெள்ளத்தில் அழிந்தது. 1926ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். மலையிலிருந்து வரும் நீருக்கு இந்த வட்டாரத்தில் அவ்வளவு வலிமை உண்டு.

அணைக்குக் கீழே மழையை மட்டும் பார்ப்பது

அங்கே சிலாங்கூர் ஆற்றின் நீர்மட்டம் அணைத் திறப்பையும் பொறுத்தது. படகோட்டும் வழிகாட்டிகளைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

தூண்டில் கொண்டுவருவது

சிலிங் ஆறு கெலா மீன்களின் காப்பிடம். பிடிக்கக் கூடாது.

வளைவில் காரை நிறுத்துவது

அணையைப் படம் பிடிக்க வளைவிலேயே நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். வார இறுதியில் பெரிய மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக ஏறி வரும் சாலை இது. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இதே சாலையில்தான். அந்த இடத்தைத் தேடி வருகிறவர்களும் அகலமான ஓரம் கிடைக்கும்வரை ஓட்டிச் சென்று, அங்கே நிறுத்த வேண்டும்.

எண்ணெய்

காருக்குப் பெட்ரோலைக் கோல குபு பாரு ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடி வருவது

தானியங்கி கியர் கார் வந்த பிறகு இது பெருகிவிட்டது. 'டி'யிலேயே வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே இறங்குகிறார்கள். பிரேக் சூடேறினால் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் மிதி தரைவரை இறங்கினாலும் கார் நிற்காது. இறக்கம் தொடங்கும் முன்பே '2' அல்லது 'எல்' நிலைக்கு மாற்றி, வேகத்தைக் குறைக்கும் வேலையை எஞ்சினிடம் விடுங்கள். கருகிய வாடை வந்தால், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, அது தானாக ஆறும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால், சூட்டில் இருக்கும் பிரேக் தட்டு கோணிக்கொள்ளவோ விரிசல் விடவோ கூடும்.