சிலையின் கை முத்திரையை அடையாளம் காண்பது எப்படி?

வலக்கை, இடக்கை என்பது சிலையின் கணக்கு. எதிரே நிற்கும் உங்களுக்கு இடப்பக்கம் தெரிவதே அதன் வலக்கை. குறிப்பெடுக்கும்போது அதிகம் பிசகுவது இங்கேதான்.

நான்கு கைகள் இருந்தால் பின்னிரு கைகளை அப்புறம் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் மான், மழு, சங்கு, சக்கரம்தான் இருக்கும். முன்கைகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு: உள்ளங்கை எந்தப் பக்கம், விரல்கள் மேலா கீழா? உள்ளங்கை நம்மை நோக்கி, விரல்கள் மேலே என்றால் அபயம். விரல்கள் கீழே என்றால் வரதம், வரம் தரும் கை. உள்ளங்கை தொடையில் படிந்திருந்தால் வரதம் இல்லை, ஊரு ஹஸ்தம்.

அமர்ந்த புத்தரிடம் இதே சோதனை இன்னும் முக்கியம். வலக்கை முழங்கால் மேலாக இறங்கி, உள்ளங்கை உள்நோக்கி, விரல்நுனி தரையைத் தொட்டால் பூமிஸ்பரிசம். தவத்தைக் கலைக்க வந்த மாரனை வென்றபோது நிலத்தைச் சாட்சிக்கு அழைத்த கை அது. உள்ளங்கை வெளியே திரும்பியிருந்தால் வரதம். நேரே நின்றால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், பக்கவாட்டில் போய்ப் பாருங்கள்.

மடியில் கைமேல் கை இருந்தால் தியானம். அதை மட்டும் நம்பிப் புத்தர் என்று எழுதிவிடாதீர்கள், சமணத் தீர்த்தங்கரரும் அப்படித்தான் அமர்வார். தலைக்குமேல் மூன்றடுக்குக் குடையும் (முக்குடை) ஆடையின்மையும் தீர்த்தங்கரருக்கு. சீவரம் என்னும் துறவாடையின் மடிப்பும் உச்சி முடிப்பும் புத்தருக்கு. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலையைப் புத்தர் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ஏற்றது. அதற்கு ஆதாரமான தொல்லியல் அறிக்கை தியான முத்திரையோடு சுருள்முடி, உச்சி முடிப்பு, நீண்ட காதுமடல் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தது.

நடராசரின் முன் வலக்கை அபயம். முன் இடக்கை யானைத் துதிக்கைபோல் மார்புக்குக் குறுக்கே வந்து, தூக்கிய திருவடியைக் காட்டும். இது கஜ ஹஸ்தம். அஞ்சாதே என்கிறது ஒரு கை, அடைக்கலம் எங்கே என்று சொல்கிறது மற்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வெறுங்கை எல்லாம் முத்திரை ஆகிவிடாது. செப்புத்திருமேனி அம்மன் கையில் விரல்நுனிகள் கட்டைவிரலோடு கூடி வளையம்போல் இருந்தால் அது கடகம், பூச்செருகும் கை. தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனைப் பாருங்கள், 1011-ஆம் ஆண்டுச் சோழர் செப்புத்திருமேனி. மடங்கிய கை ஒன்று காற்றில் ஒய்யாரமாக நிற்கும். எந்த முத்திரைப் பட்டியலிலும் அதைத் தேட வேண்டாம். காளைமேல் சாய்ந்திருந்த கை அது, காளை மட்டும் இப்போது இல்லை.