ஏற்காடு ஏறும் முன்: வீட்டில் நிற்கும் பழைய வண்டியின் சார்ஜிங்கும் ஆர்.சி.யும்

சேலத்தில் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஸ்பிளெண்டரையோ புல்லட்டையோ எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு ஒரு தடவையாவது போய்வர வேண்டும் என்ற நினைப்போடு வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள், பேட்டரி கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். சார்ஜிங் கோளாறு எவ்வளவு பெரிதானாலும் ஒரு மத்தியானத்தில் பிடிபட்டுவிடும். காகிதக் கோளாறு லீவு முழுவதையும் தின்றுவிடும். அதனால் அது முதலில்.

இருசக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. ஊரில் இதை எஃப்.சி. என்றே சொல்வார்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் தேதி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, பசுமை வரி தனி. இதுவரைக்கும் பணத்தோடு முடிகிற விஷயம்.

பதிவு அப்பா பெயரில் இருந்து, அப்பா இப்போது இல்லை என்றால் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. காரியம் முடிந்த கையோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு இது எங்கே ஞாபகம் வரும்? துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்கிறவர்களும் இல்லை. ஆண்டுகள் கழித்து வந்து நிற்கும்போது இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால், அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். மூன்று வார லீவில் வந்தவர் அந்த மூன்று மேசைக்கும் நடந்து முடிப்பார் என்று நம்பி டிக்கெட் போடக் கூடாது.

மேசை தாண்டினாலும் பெயர் பொருந்த வேண்டும். ஆர்.சி.யில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஊர்ப் பெயரோடு சேர்ந்த இனிஷியல், இறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லாத பெயர் என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் வாங்கிவரச் சொல்வார்கள். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் ஒரே நாளில் முடியும். வரிசையில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காகிதமாகக் கேட்பதால்தான் நாட்கள் போகின்றன. கவுண்டரில் நிற்கும்போதே, "இது தவிர வேற என்ன வேணும், எல்லாத்தையும் ஒண்ணா எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஆர்.சி.யின் உள்பக்கத்தில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் படிவம் 35ம், பாக்கி இல்லை என்று கம்பெனி தரும் என்.ஓ.சி. கடிதமும் கொடுத்து அந்தப் பதிவை நீக்கியிருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த கம்பெனியே இன்று இல்லை என்றால் அதை நீக்குவது தனி வேலை. அப்பா பத்திரப்படுத்திய பழைய ஃபைலில் அந்த என்.ஓ.சி. இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தலைமுறை எதையும் தூக்கிப் போட்டதில்லை. மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் தேடுங்கள்.

வாரிசுகளில் ஒருவரான தங்கை வெளிநாட்டில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, நீங்கள் கிளம்பும் முன்பே கையில் இருக்கட்டும். வண்டி யார் பெயருக்குப் போகிறது என்பதையும் ஊருக்கு வந்து பேசாமல் போனிலேயே பேசி முடியுங்கள். இத்தனை வருடம் வண்டியைத் துடைத்து வைத்த சித்தப்பா மகன் "எனக்கே எழுதிக் கொடுத்துடுங்கண்ணா" என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். நாம் இல்லாத நாட்களில் அம்மாவை அதில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். பதிவுக்கு உள்ளூர் முகவரி வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட ஆள் வேண்டும். சேலத்தில் இருக்கிறவர் பெயரில் இருப்பதே வண்டிக்கு நல்லது. அப்பா இன்னும் இருக்கிறார் என்றால், படிவம் 29, 30 போட்டு இப்போதே மாற்றிவிடுங்கள். அவரிடம் கேட்க வாய் வராது. இருந்தாலும் கேளுங்கள்.

உங்கள் கையில் வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் இருந்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வண்டிக்கான ஏ பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். பி பிரிவு மட்டும் இருந்தால் கார்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சேஸிஸ் நம்பரைப் பார்த்த பிறகு ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டுக் காட்டச் சொல்வார். இவற்றில் ஹெட்லைட் போக மற்றவை பெரும்பாலும் பேட்டரியை நம்பி இருப்பவை. அங்கே வண்டி வாய் திறக்கவில்லை என்றால் அலைந்த அலைச்சல் வீண். இனி சார்ஜிங்.

முதலில் எந்த வகை வண்டி என்று தெரிய வேண்டும். கிக்கர் மட்டும் உள்ள பழைய ஸ்பிளெண்டரில் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னட்டுக்குள் தீப்பொறிக்கு ஒரு காயில், ஹெட்லைட்டுக்கு ஒரு சுற்று (கம்பிச் சுருள்), பேட்டரிக்கு ஒரு சுற்று. ஹெட்லைட் மேக்னட்டிலிருந்து நேராக ஏ.சி.யில், அதாவது மாறுதிசை மின்சாரத்தில், எரிகிறது. பேட்டரி செத்தாலும் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும் என்பதால், சார்ஜிங் போய் வருடக்கணக்கானாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட் அப்படி இல்லை. அதில் தீப்பொறியே பேட்டரியிலிருந்து வருவதால், சார்ஜ் ஏறவில்லை என்றால் போகப்போக மிஸ்ஸிங் ஆகி நடுவழியில் நின்றுவிடும்.

எந்த வண்டியானாலும் "பேட்டரி போச்சு, மாத்திடலாம்" என்று சொல்வதுதான் ஒர்க்‌ஷாப்பில் முதல் வார்த்தை. புதுப் பேட்டரி போட்டால் இரண்டு வாரம் ஓடும். அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள், பிறகு அது வீட்டில் இருக்கிறவர்கள் பாடு. மல்டிமீட்டர் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

பேட்டரியைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. சார்ஜ் போட்ட பிறகும் 10.5ஐச் சுற்றியே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, அதை மாற்றத்தான் வேண்டும். சார்ஜ் போடும் ஆம்பியர் முக்கியம்: பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. ஸ்பிளெண்டரின் 2.5 ஏ.ஹெச். பேட்டரிக்கு 0.25 ஆம்பியர் போதும். கார் பேட்டரிகளோடு சேர்த்து வரிசையில் மாட்டி நாலைந்து ஆம்பியர் ஏற்றினால் தகடுகள் வெந்து வளைந்துவிடும். தண்ணீர் ஊற்றும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது.

நல்ல பேட்டரி என்று உறுதியான பிறகு வண்டியில் மாட்டி, எஞ்சினைப் போட்டு, ஹெட்லைட்டை அணைத்து, ஆக்ஸிலேட்டரை நடுத்தரமாகத் திருகிப் பேட்டரி முனையில் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரி. ஐட்லிங்கில் 13க்குக் கீழே இருப்பது இந்த வண்டிகளுக்கு இயல்பு, அதைப் பார்த்து, பேட்டரிக்கு ஏறும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றக் கூடாது. ரேஸ் கொடுத்தும் எண் அசையாமல் இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது அதன் எர்த் (வண்டியின் உலோக உடலோடு சேரும் இணைப்பு) விட்டுவிட்டது. பல்புகள் அடுத்தடுத்து ஃபியூஸ் ஆவதற்கும் பேட்டரி கொதிப்பதற்கும் அதுதான் காரணம்.

ஏறவில்லை என்று தெரிந்ததும் காயிலைக் குறை சொல்லாமல் எர்த்தைப் பாருங்கள். மழையில் நின்ற வண்டியில் பாதிக் கோளாறு அங்கேதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் மேல் சுரண்டிய உலோகத்திலும் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு ஹாரன் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ துரு. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, பளபளக்கும் உலோகத்தின் மேல் முறுக்குங்கள். அடுத்தது ஃப்யூஸ் பிடிப்பான். பச்சை பூத்திருந்தால் பிடிப்பானையே மாற்றுங்கள். ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வண்டி எரிவது அப்படித்தான்.

அப்புறம் ரெகுலேட்டர் கப்ளர், அதாவது அதன் வயர்கள் சேரும் இணைப்பு. ஸ்பிளெண்டரில் நாலு வயர்: சிவப்பு பேட்டரிக்கு, பச்சை எர்த், வெள்ளை சார்ஜிங் சுற்று, மஞ்சள் லைட் சுற்று. கப்ளரைப் பிரித்துச் சாவி போடாமலே சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே அளந்தால் பேட்டரி வோல்ட் அப்படியே வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு வயரிங்கில். ரெகுலேட்டரும் காயிலும் குற்றமற்றவை. வந்தால் வெள்ளைக்கும் பச்சைக்கும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஓம் (மின்தடை) அளந்து பாருங்கள். இரண்டுமே ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். எண்ணே வராமல் திறந்து நின்றால் சுற்று அறுந்துவிட்டது. இரண்டும் நன்றாக இருந்து சார்ஜ் மட்டும் ஏறவில்லை என்றால்தான் ரெகுலேட்டர்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஸ்பிளெண்டர் காயிலின் ஒரு முனை எர்த்தில் சேர்ந்தே பிறந்தது. அதைப் பார்த்து "காயில் பாடி ஷார்ட்" என்று நல்ல காயிலைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. இரு முனையும் தனியாக வெளியே வரும் காயிலில் மட்டும்தான் எஞ்சின் பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டாவது, ஸ்பிளெண்டரில் ரெகுலேட்டரைப் பிரித்துவிட்டு ஹெட்லைட்டோடு எஞ்சினை ரேஸ் செய்தால் பல்பு அங்கேயே போய்விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் ஆபத்துதான், இண்டிகேட்டர் ஃப்ளாஷர் தாங்காது.

புல்லட்டில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இடப்பக்கச் செயின் கேஸுக்குள் எண்ணெயில் இருக்கிறது. வெளியே வரும் வயரைப் பிரித்து, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. வோல்ட் அளந்தால் ரேஸ் ஏற ஏற எண்ணும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கேஸைத் திறக்கவேண்டியதுதான். சுற்றைக் குறை சொல்லும் முன், வயர் வெளியேறும் ரப்பர் புஷ் பக்கம் பாருங்கள். பிரைமரி செயின் உரசி வயரின் தோல் போயிருக்கும், செம்பு மினுக்கும். திரும்ப மாட்டும்போது சுழலும் ரோட்டாருக்கும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயிலுக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் புதுக் காயிலும் தாங்காது.

காயில் கருகியிருந்தால் ரீவைண்டிங் கடையில் கட்டிவிடலாம். பழைய கம்பியின் அதே கேஜ் (தடிமன்), ஒவ்வொரு துருவத்திலும் அதே எண்ணிக்கைச் சுற்று, பக்கத்துப் பக்கத்துத் துருவங்களில் திசை மாற்றிச் சுற்றுவது, வெப்பம் தாங்கும் வார்னிஷ் போட்டுச் சூட்டில் காயவைப்பது: இந்த நாலையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பழையதைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மேக்னட்டை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுத்தியால் தட்டினால் காந்தம் வலுவிழக்கும், கிராங்க் கோணும்.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால் சுமையைக் கணக்குப் போட வேண்டும். ஏர் ஹாரன், எல்.இ.டி. ஃபாக் லைட், மொபைல் சார்ஜர் எல்லாம் பேட்டரியில் தொங்கும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும், பிரேக் லைட் விடாமல் எரியும். 21 வாட் பல்பு ஒன்றே 1.75 ஆம்பியர் குடிக்கும். வளைவுக்கு வளைவு ஹாரன் வேறு. அடிவாரம் வந்து சேரும்போது சின்னப் பேட்டரி பாதிக்கு வந்திருக்கும். ஃபாக் லைட்டைக் கழற்றுங்கள், பிரேக் பல்பை எல்.இ.டி.யாக மாற்றுங்கள், கியரில் இறங்குங்கள். ஏ.சி.யில் எரியும் ஹெட்லைட்டுக்கு மட்டும் வெளிநாட்டிலிருந்து எல்.இ.டி. பல்பு வாங்கி வராதீர்கள். மினுமினுக்கும், பனி மூட்டத்தில் கண்ணைக் கெடுக்கும்.

கிளம்பும்போது வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிட ஐட்லிங்கில் பேட்டரி நிறையாது. அந்த வயதில் கிக்கரை உதைக்க வைப்பதும், அதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனை அவர்கள் கெஞ்ச வேண்டியிருப்பதும் தேவையில்லாதது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, பேட்டரியை நிறைத்து, நிழலில் வையுங்கள். சித்தப்பா மகனிடம் மல்டிமீட்டரைக் கொடுத்து, மாதம் ஒருமுறை அளந்து 12.4க்குக் கீழே போனால் 0.25 ஆம்பியரில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுத்த எஃப்.சி. தேதியை உங்கள் போனில் இரண்டு மாதம் முன்னதாகவே நினைவூட்டும்படி போட்டுக்கொள்ளுங்கள். புதுப்பிக்க 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.