ஒரு கைபேசியில் ஒன்பது கணக்குகள்: கடற்கரைச் சிறுதொழில்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் முறை

பாம்பனில் கருவாடு விற்கும் ஓர் அக்கா, சாயல்குடிப் பக்கம் கருப்பட்டியும் ஓலைப்பெட்டியும் செய்யும் ஒரு மகளிர் குழு, இராமேசுவரத்தில் எட்டு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி ஆகிய மூன்றின் சமூக ஊடகக் கணக்குகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கருவாட்டுக்கு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என நான்கு. குழுவுக்கு யூடியூப் நீங்கலாக மூன்று. விடுதிக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என இரண்டு. ஆக ஒன்பது கணக்குகள் என் ஒரே கைபேசியில் இருக்கின்றன. முன்பு இந்த வேலை நாள்தோறும் மூன்று மணி நேரத்தை விழுங்கியது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பழகிக்கொண்ட பிறகு வாரத்தில் ஒரு மாலையும் தினமும் காலையில் அரை மணி நேரமும் போதுமானதாக இருக்கின்றன. நான் தவறிய இடங்களையும் சேர்த்து, அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சொல்லைக் கோப்பதும், அளவைக் குறைப்பதும், ஒரே செய்தியை நான்கு தளங்களுக்கு ஏற்ப மாற்றுவதும் கருவி செய்யக்கூடிய வேலைகள். இன்று எத்தனை கிலோ இருக்கிறது, என்ன விலை, அறை காலியா இல்லையா என்பன போன்ற செய்திகள் கரையிலிருந்துதான் வர வேண்டும். இவற்றைக் கருவியிடம் விட்டுவிட்டால், தெரியாததையும் தெரிந்ததுபோல் அழகாக எழுதிக் கொடுத்துவிடும். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

முதல் வேலை, குறிப்பேடு

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பேடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். என்னென்ன பொருட்கள், அவற்றை இங்கே எப்படிச் சொல்கிறோம், எந்த அளவில் விற்கிறோம், எந்த ஊர்களுக்கு அனுப்புகிறோம், எந்த மாதத்தில் எது கிடைக்காது, எவற்றைச் சொல்லவே கூடாது என்பன அதில் இருக்க வேண்டும். விலையை எழுதினால் பக்கத்திலேயே தேதியையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறை உரையாடலைத் தொடங்கும்போதும் இந்தப் பக்கத்தை அப்படியே ஒட்டிவிட்டுப் பிறகு வேலையைச் சொல்லுங்கள். நிலையான அறிவுரைகளைச் சேமித்து வைக்கும் வசதி நீங்கள் பயன்படுத்தும் கருவியில் இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். ஆனால் மூன்று தொழில்களுக்கும் மூன்று தனித்தனி இடங்களாக வைக்க வேண்டும். ஒரே உரையாடலில் மூன்றையும் கலந்ததால், விடுதியின் பதிவில் ‘வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம்’ என்ற வரி நுழைந்து ஒருநாள் முழுவதும் அங்கேயே கிடந்தது.

குறிப்பேட்டின் மிகப் பயனுள்ள பகுதி சொற்பட்டியல்தான். சொல்லிக் கொடுக்காவிட்டால் கருவி கருவாட்டை ‘உலர்ந்த மீன்’ என்றும், ஓலைப்பெட்டியைப் ‘பனை ஓலைக் கூடை’ என்றும் எழுதும். இந்தக் கரையில் பிறந்த எவரும் கடையில் போய் உலர்ந்த மீன் கொடுங்கள் என்று கேட்பதில்லை. நெத்திலி, சூடை, வாளை, திருக்கை, பாறை என்று பெயர்களை நாமே எழுதிக் கொடுத்து, ‘இவற்றை மாற்றாதே’ என்று சேர்த்தால் பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

சொல்லக்கூடாதவற்றின் பட்டியலையும் அதே அளவு கவனத்துடன் எழுதுங்கள். கருப்பட்டியைப் பற்றி எழுதச் சொன்னால் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது’ என்ற வரி கேளாமலே வந்துவிடும். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றக்கூடியதுதான். அதை நம்பி ஒருவர் கூடுதலாகச் சாப்பிட்டால் பாதிப்பு அவருக்குத்தான். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் தடை செய்கின்றன. இன்னொரு முறை ‘புவிசார் குறியீடு பெற்ற சாயல்குடிக் கருப்பட்டி’ என்று எழுதிக் கொடுத்தது. புவிசார் குறியீடு பெற்றிருப்பது உடன்குடிக் கருப்பட்டி. நம் மாவட்டத்தில் 2023இல் அதைப் பெற்றது இராமநாதபுரம் முண்டு மிளகாய். பக்கத்துப் பொருளின் பெருமையை எடுத்து நம் பொருளுக்குச் சூட்டிவிடும் இந்தப் பழக்கம் எல்லாக் கருவிகளுக்கும் ஏதோ ஓர் அளவில் உண்டு. ஆகவே ஊர், ஆண்டு, விருது, குறியீடு ஆகிய நான்கில் எது பதிவில் வந்தாலும் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

குரல் பதிவிலிருந்து நான்கு தளங்களுக்கு

பாம்பன் அக்கா எழுதி அனுப்புவதில்லை. காலையில் கருவாட்டைப் புரட்டிப்போட்டுவிட்டுக் குரல் பதிவு அனுப்புவார். ‘நெத்திலி காஞ்சிருச்சுப்பா. உப்புப் போடல. வலைய விரிச்சு அதுமேலதான் காயப்போட்டது, மண்ணு ஒட்டாது. பன்னெண்டு கிலோ இருக்கு. தலை கிள்ளித் தரணும்னா நாளைக்குத்தான்.’ இவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல பதிவுக்கு வேண்டிய எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஒலிவாங்கியை அழுத்தி நான் அதை அப்படியே திரும்பச் சொல்லி எழுத்தாக்கிக்கொள்கிறேன். காற்றிரைச்சல் இருக்கும் இடத்தில் எண்கள் பிழையாக விழும். எனவே கிலோவையும் விலையையும் மட்டும் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

பிறகு கருவியிடம் இப்படிக் கேட்கிறேன்: ‘மேலே உள்ள குறிப்பேட்டையும் இந்தக் குரல் பதிவையும் மட்டும் வைத்து எழுது. இவற்றில் இல்லாத எதையும் சேர்க்காதே. வியப்புக்குறி வேண்டாம். வாட்ஸ்அப்பிற்கு மூன்று வரி, ஃபேஸ்புக்கிற்கு ஆறு வரி, இன்ஸ்டாகிராமிற்கு முதல் வரியிலேயே பொருளின் பெயரும் அளவும், யூடியூபிற்கு ஒரு தலைப்பு. தகவல் போதாவிட்டால் எழுதாமல் என்னிடம் கேள்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாதபோது கருவி இடைவெளியைத் தன் கற்பனையால் நிரப்புகிறது. அது இருந்தால் ‘விலை என்ன?’ என்று பல நேரங்களில் கேட்கிறது.

இந்தக் கட்டளை இல்லாமல் முன்பு கேட்டபோது எனக்குக் கிடைத்தது இது: ‘பாம்பனின் பொன்னான கடற்கரையிலிருந்து உங்கள் இல்லம் தேடி வருகிறது இயற்கையின் அற்புதப் பரிசு!’ அக்காவிடம் படித்துக் காட்டியபோது, ‘இதுல நெத்திலி எங்கப்பா இருக்கு?’ என்று கேட்டார். இப்போது வருவது இது: ‘நெத்திலிக் கருவாடு இன்று 12 கிலோ இருக்கிறது. உப்புப் போடாதது, வலையின் மேல் காயவைத்ததால் மணல் ஒட்டாது. தலை கிள்ளித் தர வேண்டுமானால் நாளை அனுப்புகிறோம்.’ வாங்குபவர் அறிய விரும்புவதெல்லாம் இதில் இருக்கிறது. மணல் இருக்குமா என்பதுதான் கருவாடு வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கான விடையை அக்கா தானாகவே சொல்லியிருக்கிறார். அந்த விடையைப் பதிவில் காப்பாற்றித் தருவதுதான் நம் வேலை.

எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்திலும் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிவுக்கு 280 எழுத்து என்று அங்குள்ள வரம்பில் தமிழின் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ‘மீன்’ என்ற இரண்டெழுத்துச் சொல் நான்காகக் கணக்கிடப்படும். முப்பது சொற்களுக்குள் எழுதச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எதை முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாம்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் மெட்டா பிசினஸ் சூட் என்ற கட்டணமில்லாத செயலியிலேயே பதிவுகளை நாள், நேரம் குறித்து வைத்துவிடலாம். இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றியிருந்தால் போதும். யூடியூபிற்கு அதன் ஸ்டுடியோவிலேயே இந்த வசதி உண்டு. பல தளங்களை ஒரே திரையில் பார்க்க விரும்புவோருக்குப் பஃபர் போன்ற சேவைகள் இருக்கின்றன. தொடக்கத்தில் இவற்றுக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

இங்கேதான் நான் மிகவும் வருந்திய தவறு நடந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில், ஒரு மாதத்துக்கான முப்பது பதிவுகளை ஒரே மூச்சில் எழுதச் சொல்லி, முதல் பத்தை மட்டும் படித்துவிட்டு எல்லாவற்றையும் வரிசையில் ஏற்றிவிட்டேன். ஏப்ரல் 18ஆம் தேதி காலை அக்காவின் பக்கத்தில் ‘விசைப்படகில் இன்று வந்த மீனில் செய்த கருவாடு’ என்ற பதிவு வெளியானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பது நம் கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த நாட்களில் நாட்டுப்படகு மட்டுமே கடலுக்குப் போகும். மதுரையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒருவர், ‘தடைக்காலத்தில் விசைப்படகு எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டார். பொய் சொல்லி விற்கும் வழக்கம் ஒருநாளும் இல்லாத அக்காவுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அன்றிலிருந்து பதிவுகளை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஓலையை வார்ந்து பெட்டி முடையும் விதம், கருவாட்டை எப்படிப் பாதுகாப்பது, விடுதியிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்பன போன்ற, என்று படித்தாலும் உண்மையாக இருப்பவற்றை மட்டுமே முன்கூட்டி வைக்கிறேன். ‘இன்று’, ‘புதிதாக’, ‘இருப்பில் உள்ளது’ ஆகிய சொற்களில் ஒன்று இருந்தாலும் அந்தப் பதிவு அன்று காலையில் கையால்தான் போகும்.

நாட்காட்டியையும் கருவியிடம் கேட்டுப் பெறாமல் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரத்தின் அக்னி தீர்த்தத்தில் நீராடக் கூட்டம் திரளும். எனவே விடுதியின் பதிவு மூன்று வாரம் முன்னதாகவே போக வேண்டும். அதே அமாவாசைக் காலையில் கருவாட்டுப் பதிவு போகக்கூடாது, ஏனெனில் விரதம் இருக்கும் வீடுகளில் அது முகம் சுளிக்க வைக்கும். ஒரே நாள் ஒரு கணக்குக்கு அறுவடையாகவும் இன்னொன்றுக்கு மௌனமாகவும் இருப்பதைக் கருவி தானாக அறியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாடு காயாது, கருப்பட்டி இளகும் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

பதில்களும் படங்களும்

விசாரிப்புகளுக்குத் தானியங்கிப் பதில் வைப்பதில் அளவோடு இருங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில்களைச் சேமித்து வைக்கலாம். முகவரி, அனுப்பும் நாட்கள், பணம் செலுத்தும் முறை ஆகியவற்றுக்கு அவை போதும். விலை, இருப்பு, புகார் ஆகிய மூன்றுக்கும் மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘போன முறை வந்ததில் ஈரம் இருந்தது’ என்று ஒருவர் எழுதினால், கருவி எழுதித் தரும் நீண்ட வருத்த உரையைவிட அக்காவின் இரண்டு வரிக் குரல் பதிவு அவரை ஆற்றும். மொத்தமாகச் செய்தி அனுப்பித் தருகிறோம் என்று விற்கப்படும் அங்கீகாரமற்ற மென்பொருட்களைத் தொடாதீர்கள், எண்ணே முடக்கப்பட்டுவிடும்.

பொருளின் படத்தைக் கருவியைக் கொண்டு உருவாக்காதீர்கள். பனைமரத்தடியில் கருப்பட்டி காய்ச்சும் காட்சியைக் கேட்டபோது எனக்கு வந்த படத்தில் மரத்தின் உச்சியில் தென்னங்கீற்று இருந்தது. விசிறிபோல் விரியும் பனையோலையும் நீண்டு தொங்கும் கீற்றும் ஒன்றல்ல என்று தெரிந்தவர்கள்தான் நம்மிடம் வாங்குகிறவர்கள். உண்மையான படத்தை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டவும் பின்னணியைச் சுத்தம் செய்யவும் கேன்வா போன்ற படம் திருத்தும் செயலிகளைப் பயன்படுத்துங்கள். கருவாட்டின் நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள். கடற்கரைப் படங்களில் கடல் அட்டையோ கடல் குதிரையோ பொருள்போல் தெரிந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

கணக்குகள் எப்போதும் உரிமையாளரின் பெயரிலும் அவருடைய எண்ணிலும் இருக்கட்டும். ஃபேஸ்புக் பக்கத்தில் உங்களுக்கு அணுகல் மட்டும் வழங்கச் சொல்லுங்கள், கடவுச்சொல்லை வாங்காதீர்கள். கடவுச்சொல்லுடன் இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை எல்லாவற்றிலும் இயக்கி வையுங்கள். வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி ஆகியவற்றை நீக்கிய பிறகே எந்த உரையாடலையும் கருவியில் ஒட்ட வேண்டும்.

ஞாயிறு மாலையில் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கும் பதிவுகள் அனைத்தையும் திறந்து, வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். நாக்கு இடறும் இடத்தில் பெரும்பாலும் கருவியின் சொல் இருக்கும். வாரத்தின் நடுவில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால், ஒன்பது கணக்குகளிலும் காத்திருக்கும் பதிவுகளை உடனே நிறுத்திவிடுங்கள். வீட்டு ஆட்கள் கடலிலிருந்து திரும்பிவிட்டார்களா என்று கரையில் பெண்கள் பார்த்து நிற்கும் நேரத்தில் கருவாட்டுச் சலுகையோ கடற்காட்சி அறையோ திரையில் தோன்றக்கூடாது. கூண்டு இறக்கப்பட்ட பிறகு அக்காவையும் குழுவையும் அழைத்துப் பேசிவிட்டு, ஒவ்வொன்றாகப் படித்துத் திரும்ப வரிசையில் வையுங்கள்.