குழந்தைக்கு ஸ்லீப் ஸ்டடியா? ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்

“ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்த்துவிடலாம்” என்று டாக்டர் சொன்னபோது என் மகளுக்கு ஐந்து வயது. குழந்தை தூங்கும்போது எப்படி மூச்சுவிடுகிறது என்று ராத்திரி முழுக்கப் பதிவு செய்து பார்க்கும் சோதனை அது. தன் தலையணை இல்லாமல் படுக்க மாட்டாள். சுவர் ஓரமாகத்தான் படுப்பாள். சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உறுத்தினால்கூடச் சட்டையையே கழற்றி எறிந்துவிடுவாள். இவள் உடம்பெல்லாம் வயரோடு, தெரியாத அறையில் தூங்குவதாவது என்றுதான் நினைத்தேன்.

தூங்கினாள். நடுவில் ஒரு பெரிய அழுகை, ஆனாலும் தூங்கினாள். அந்த அழுகையைத் தவிர்த்திருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது. முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

ஊசி கிடையாது. மயக்க மருந்தும் பொதுவாகக் கொடுப்பதில்லை. மருந்து கொடுத்துத் தூங்கவைத்தால் மூச்சுவிடும் விதமே மாறிவிடும். அளக்க வந்ததே அந்த மூச்சைத்தானே. உடம்பின் மேல் சென்சார்களை ஒட்டிவிட்டு, குழந்தை தானாகத் தூங்குவதை ராத்திரி முழுக்கப் பதிவு செய்வார்கள். பாலிசோம்னோகிராபி என்ற பெரிய பெயருக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

தலையில் ஒட்டுவது மூளையின் மின்னலைகளைப் பிடிக்க. கண்ணோரத்தில் ஒட்டுவது கண்ணசைவுக்கு, தாடையிலும் காலிலும் ஒட்டுவது தசை அசைவுக்கு, நெஞ்சில் ஒட்டுவது இதயத் துடிப்புக்கு. நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட் கட்டுவார்கள். மூச்சை இழுக்க உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அது காட்டும். விரலிலோ கால் கட்டைவிரலிலோ சிவப்பு வெளிச்சம் எரிகிற ஆக்சிஜன் சென்சார். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய், காற்று உண்மையில் போய் வருகிறதா என்று பார்க்க. பெல்ட் அசைகிறது, மூக்கில் காற்று இல்லை என்றால் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூக்குக் குழாய் அவ்வளவு முக்கியம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

கண்ணோரச் சென்சாருக்கு ஒரு கதை உண்டு. 1950களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் ஆசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகனுக்கே எலக்ட்ரோடு ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். தூக்கத்தில் கண்கள் வேகமாக உருளும் கட்டம் ஒன்று இருப்பது அப்படித்தான் பிடிபட்டது. தன் ஆசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து 1953ல் அதை வெளியிட்டார். “ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஒரு எட்டு வயசுப் பையன் இதை ஒட்டிக்கிட்டுத் தூங்கியிருக்கான்” என்று மகளிடம் சொன்னேன். “அவன் அழுதானா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ரெம் என்று அழைக்கப்படும் அந்தக் கட்டத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்துவிடும். குழந்தைகளுக்கு மூச்சு அடைப்பு பெரும்பாலும் அப்போதுதான் மோசமாகும். ரெம் தூக்கமோ இரவின் பின்பாதியில்தான் அதிகம். ஒரு மணி நேரம் தூங்கவைத்துப் பார்த்தால் போதாதா என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

படி 2: லேபுக்கு ஒரு போன்

எத்தனை மணிக்கு வரவேண்டும், கூட எத்தனை பேர் தங்கலாம், பெரியவருக்குத் தனிக் கட்டில் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள். தம்பி தங்கைகளைக் கூட்டிப்போக முடியாது. குழந்தை வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்குத் தூங்குகிற குழந்தைக்குப் பத்து மணிக்கு வயர் ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாத தோல், ஆட்டிசம், தொட்டாலே பதறுகிற சுபாவம் இவையெல்லாம் இருந்தால் போனிலேயே சொல்லுங்கள். முடிந்தால் பகலில் ஒருமுறை அறையைக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் போட்டோவாவது கேளுங்கள். அப்புறம் ஒன்று: பயன்படுத்தாத மூக்குக் குழாய் ஒன்றைப் பழகுவதற்குக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.

இந்த இடைவெளியில் தூக்கக் குறிப்பு ஒன்றும் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை முறை எழுந்தது, குறட்டை, வாயால் மூச்சுவிடுவது, படுக்கையை நனைப்பது, பகலில் எரிச்சல். ஒன்றிரண்டு வாரம் எழுதினால் போதும். குறட்டையையோ மூச்சு நின்று நின்று வருவதையோ போனில் வீடியோ எடுத்து வைத்தால் டாக்டருக்கு இன்னும் நல்லது.

படி 3: வீட்டில் ஒத்திகை

இந்த வேலையின் பாதி இதுதான். குழந்தைக்குப் பயம் வயரைப் பார்த்து வருவதில்லை. இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்து வருகிறது. ஏழெட்டு நாள் விளையாட்டாகப் பழகினால் அது பார்த்த விஷயம் ஆகிவிடும்.

முதல் நாள் பொம்மைக்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பொம்மையின் நெற்றி, கன்னம், கால் என்று குழந்தையையே ஒட்டச் சொல்லுங்கள். டெக்னீஷியன் அவள்தான். அடுத்த நாள் உங்களுக்கு ஒட்டட்டும். நான் நெற்றியில் மூன்று பிளாஸ்திரியோடு ஒரு ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் நாள் அவளே “எனக்கு?” என்று கேட்டாள்.

அப்புறம் நேரத்தைக் கூட்டுங்கள். முதலில் ஐந்து நிமிடம், பிறகு ஒரு கார்ட்டூன் முடியும்வரை, கடைசியில் நெற்றியிலும் காலிலும் ஒவ்வொன்று ஒட்டிக்கொண்டே தூங்குவது. வயிற்றுப் பெல்ட்டுக்குப் பதில் ஒரு துணியைத் தளர்வாகச் சுற்றலாம். தலையில் ஒட்டும் முன் மணல்போல் நெருடும் ஒரு ஜெல்லால் தோலைத் தேய்ப்பார்கள். பஞ்சுக் குச்சியால் தலையை ஐந்தாறு இடங்களில் லேசாகத் தேய்த்துக் காட்டுங்கள். வயர்கள் அசையாமல் இருக்கத் தலையில் கட்டுப் போடுவதும் உண்டு, அதனால் ஒரு மெல்லிய தொப்பியும் பழக்கலாம்.

கவனம்: நாடா, கயிறு, துணிப்பட்டை எதுவானாலும் விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அதோடு தூங்கவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றி எதுவுமே வேண்டாம்.

இனி மூக்கு. நாங்கள் எல்லாவற்றையும் பழக்கினோம், இதைத் தவிர. அன்று இருபதுக்கும் மேற்பட்ட வயர்களை ஒரு கதைப் புத்தகத்தோடு சமாளித்தவள், மூக்குக் குழாயைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். பெரும்பாலான குழந்தைகள் மல்லுக்கு நிற்கும் இடம் இதுதான் என்று டெக்னீஷியன் சொன்னார். ஆகவே இதற்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள். மேலுதட்டுக்கு மேல் ஒரு சின்ன பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, “மீசை” என்று பெயர் வைத்து, கண்ணாடி முன் நின்று சிரியுங்கள். உண்மையான குழாய் கிடைத்தால் அதை வைத்தே பழகுங்கள், பத்து எண்ணும்வரை, பிறகு இருபது.

படி 4: என்ன சொல்வது

பொய் சொல்லாதீர்கள். “ஒண்ணுமே தெரியாது” என்று சொல்லிவிட்டு ஜெல் சில்லென்று பட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது. “வலிக்காது” என்பதையும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். குழந்தை காதில் விழுவது “வலி” மட்டும்தான். நான் சொன்னது இது: “சில்லுன்னு இருக்கும். கொஞ்சம் அரிக்கும். கழற்றும்போது பிளாஸ்திரி மாதிரி இழுக்கும். ஊசி இல்லை. அப்பா அதே அறையிலதான் இருப்பேன்.”

சின்னக் குழந்தைக்கு எந்தத் தேதி என்பதை ஓரிரு நாள் முன்பு சொன்னால் போதும். ஒத்திகை அதுவரை வெறும் விளையாட்டாகவே போகட்டும். பெரிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே, காரணத்தோடு சொல்லுங்கள். கேமரா இருக்கும் என்பதை அவர்களிடம் மறைக்கவே கூடாது.

நிச்சயம் வரும் கேள்வி: “பாத்ரூம் வந்தா?” எல்லா வயரும் ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேரும். டெக்னீஷியனைக் கூப்பிட்டால் அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார், அப்படியே போய் வரலாம். எல்லாவற்றையும் பிய்க்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் என் மகளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

படி 5: அன்று பகல்

தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். எண்ணெய், கண்டிஷனர், ஜெல் எதுவும் வேண்டாம், சென்சார் நிற்காது. முகத்துக்கும் உடம்புக்கும் க்ரீம், லோஷன் கூடாது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரல் சென்சாரின் வெளிச்சத்தை அது மறைக்கக்கூடும். மதியத்துக்கு மேல் டீ, காபி, கோலா, சாக்லேட் வேண்டாம்.

பகல் தூக்கம் விட்டுப்போன வயது என்றால் அன்றும் தூங்கவிடாதீர்கள். தினமும் பகலில் தூங்கும் கைக்குழந்தை வழக்கம்போல் தூங்கட்டும். அயர்ந்து தூங்கட்டும் என்று முந்தைய ராத்திரி கண்விழிக்க வைப்பது வேண்டாத வேலை. லேபே சொன்னால் தவிர செய்யாதீர்கள். மருந்துகளை வழக்கப்படி கொடுங்கள், எதையாவது நிறுத்த வேண்டுமானால் டாக்டர் சொல்வார். காய்ச்சலோ சளியோ பிடித்துவிட்டால் போன் செய்து கேளுங்கள். மூக்கடைப்போடு எடுத்த பதிவு குழந்தையின் வழக்கமான தூக்கத்தைக் காட்டாது.

பைக்குள்: மேல் கீழ் என்று இரண்டாகப் பிரியும், முன்பக்கம் பட்டன் வைத்த இரவு உடை. தலை வழியாகப் போடும் டிரஸ் வயருக்கு எதிரி. அதோடு குழந்தையின் சொந்தத் தலையணை, போர்வை, பொம்மை, படுக்கும் முன் சாப்பிட ஏதாவது, மருந்து, டயப்பர், மறுநாள் மாற்றுடை, முன்பே டவுன்லோடு செய்த வீடியோக்கள். வீட்டில் ஏற்கெனவே சிபாப் மாஸ்க் (தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைக்காமல் இருக்கக் காற்றை அழுத்தமாகச் செலுத்தும் கருவியின் மாஸ்க்) போடும் குழந்தை என்றால் அதுவும். உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர்.

படி 6: அந்த ராத்திரி

வயர் ஒட்ட முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகலாம். உங்கள் மடியிலேயே உட்காரலாமா என்று கேளுங்கள். பல் தேய்ப்பது, பாத்ரூம் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

மூக்குக் குழாய்க்குக் குழந்தை ஒத்துக்கொள்ளவில்லையா? மல்லுக்கட்ட வேண்டாம். “தூங்கினதும் வைக்கலாமா?” என்று டெக்னீஷியனைக் கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் முடிந்தது. குழந்தை தூங்கி அரைமணி கழித்து அவர் பூனைபோல் வந்து வைத்துவிட்டுப் போனார். நான் பதினைந்து நிமிடம் கெஞ்சியது வீண்.

விளக்கை அணைக்கும் முன் “மேலே பார், கீழே பார், கண்ணைச் சிமிட்டு, காலை ஆட்டு, குறட்டை விட்டுக் காட்டு” என்று ஸ்பீக்கரில் சொல்லி, சென்சார்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். என் மகளுக்கு அந்த ராத்திரியில் பிடித்த ஒரே பகுதி.

பிறகு இருட்டு. கேமராவுக்கு அகச்சிவப்பு வெளிச்சம் போதும். ஏதாவது கழன்றால் டெக்னீஷியன் வந்து ஒட்டுவார், நீங்கள் எழுந்து உதவப் போகாதீர்கள். போனை அணைத்துவிடுங்கள். ஒரு சின்ன விஷயம்: அறையில் மைக் இருக்கும். வீட்டிலேயே பெரிய குறட்டை உங்களுடையதுதான் என்றால், துணைக்கு வேறு யாராவது போவது நல்லது.

புரண்டு புரண்டு படுத்தாளே, இரண்டு முறை எழுந்தாளே, எல்லாம் வீணா என்று காலையில் தோன்றும். புது இடத்தில் தூக்கம் குறைவது லேபில் எல்லோருக்கும் தெரிந்ததே. வீட்டில் தூங்குவதைவிடக் குறைவாகத் தூங்கினாலும் பெரும்பாலும் ஒரு ராத்திரிப் பதிவே போதுமானதாக இருக்கும்.

படி 7: காலையும் ரிப்போர்ட்டும்

விடியற்காலையிலேயே எழுப்பிவிடுவார்கள். பிளாஸ்திரிகளை வெந்நீரில் நனைத்துக் கழற்றச் சொல்லுங்கள். தலையில் இருக்கும் பசை பெரும்பாலும் வெந்நீரிலும் ஷாம்புவிலும் போய்விடும்; போகாததை, நேற்று தடைசெய்த அதே எண்ணெயும் கண்டிஷனரும் இளக்கிவிடும். ராத்திரி நீங்களும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள், வண்டி ஓட்ட வேறு யாராவது வந்தால் நல்லது.

“எப்படி இருந்துச்சு?” என்று டெக்னீஷியனைக் கேட்காதீர்கள், அவர் சொல்லக்கூடாது. எட்டு மணி நேரப் பதிவை முப்பது முப்பது விநாடியாகப் பிரித்துப் பார்ப்பார்கள், அதாவது 960 துண்டுகள். அதன்பிறகு டாக்டர் பார்க்க வேண்டும். நாளாகும்.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. இணையத்தில் தேடினால் “ஐந்துக்குக் கீழே இயல்பு” என்று வரும், அது பெரியவர்களுக்கு. பெரியவர்களுக்குப் பத்து விநாடி மூச்சு நின்றால்தான் கணக்கு, குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு. குழந்தைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே டாக்டர்கள் கவனிப்பார்கள். அதனால் 3 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கோப்பை மூடிவைக்காதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு கீழே போனது, அடைப்பு ரெம் தூக்கத்தில் மட்டுமா, தொண்டையில் இருக்கும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் காரணமா என்று மூன்றையும் கேளுங்கள்.

எங்கள் ரிப்போர்ட் வந்த அன்றுகூட அவள் காதுக்குப் பின்னால் துளி பசை காய்ந்து ஒட்டியிருந்தது.