சீட்டுக்கட்டில் நிகழ்தகவு: பகுதியில் எந்த எண்ணை எழுதுவது?

சூத்திரம் எளிது: நமக்கு வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கையை, வரக்கூடிய எல்லாச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தொகுதியைப் பெரும்பாலும் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். சறுக்குவது பகுதியில்தான்.

முதலில் கட்டைப் பிரித்துப் பாருங்கள். ஜோக்கர்களை எடுத்து வைத்துவிட்டால் 52 சீட்டு. ஸ்பேடு, கிளாவர் கறுப்பு, ஹார்ட், டைமண்ட் சிவப்பு, ஒவ்வொன்றிலும் 13. ராஜா, ராணி, ஜாக் மூன்றும் படச்சீட்டுகள், ஆக மொத்தம் 12. ஏஸையும் சேர்த்து 16 என்று எழுதிவிடாதீர்கள். அதில் முகம் கிடையாது.

படி 1: ஒரு சீட்டு. ராஜா வர 4/52, அதாவது 1/13. ஹார்ட் வர 13/52, அதாவது 1/4.

படி 2: 'அல்லது' வந்தால் கூட்டல். ராஜா அல்லது ஹார்ட் என்றால் 4 + 13 = 17 என்று கை தானாக எழுதும். ஹார்ட் ராஜா இரண்டு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டார். ஒன்றைக் கழித்தால் 16/52 = 4/13.

படி 3: அடுத்தடுத்து எடுத்தால் பெருக்கல். இரண்டும் ஏஸாக வர வேண்டும். எடுத்த சீட்டைத் திரும்ப வைக்காவிட்டால் 4/52 × 3/51 = 1/221. திரும்ப வைத்துக் கலைத்தால் 4/52 × 4/52 = 1/169. கணக்கில் 'திரும்ப வைக்காமல்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

படி 4: 'குறைந்தது ஒன்று' என்றால் தலைகீழாகப் போங்கள். இரண்டு சீட்டில் ஓர் ஏஸாவது வர வேண்டும். ஏஸே வராமலிருக்க 48/52 × 47/51 = 188/221. அதை 1-லிருந்து கழித்தால் 33/221, சுமார் 14.9%. 4/52-ஐ இரண்டு முறை கூட்டினால் சுமார் 15.4% வரும், இரண்டுமே ஏஸாக வரும் வாய்ப்பை அது இருமுறை எண்ணிவிடுகிறது.

இனி ரம்மி. இரண்டு கட்டு, இரண்டு அச்சு ஜோக்கர், மொத்தம் 106. கையில் ஹார்ட் 5, 6 இருக்கின்றன. ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று சீட்டாக வரிசை சேர, ஹார்ட் 4 அல்லது 7 வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 4 சீட்டு. (ஜோக்கரை வைத்து ஒப்பேற்றுவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) பகுதி என்ன? கையில் 13, திறந்த சீட்டு 1, வெட்டிய ஜோக்கர் (ஆட்டத் தொடக்கத்தில் எந்தச் சீட்டு ஜோக்கர் என்று காட்டத் திருப்பி வைப்பது) 1: நீங்கள் பார்த்தவை 15. இவற்றில் அந்த நான்கும் இல்லையென்றால், மூடிய கட்டிலிருந்து எடுக்கும் அடுத்த சீட்டுக்கு 4/91, சுமார் 4.4%.

எதிராளிகளின் சீட்டுகளையும் கழிக்கலாமே என்று தோன்றும். கூடாது. அவற்றை நீங்கள் பார்க்கவில்லை. வேண்டிய ஹார்ட் 7 அவர்கள் கையிலும் இருக்கலாம், கட்டிலும் இருக்கலாம். கண்ணில் பட்டதை மட்டுமே கழிக்க வேண்டும். யாராவது ஹார்ட் 7-ஐ இறக்கி, அது உங்களுக்குக் கிடைக்காமல் போனால் மேலும் கீழும் ஒவ்வொன்று குறையும்: 3/90, சுமார் 3.3%.